பழைய ஃபோர்டு ஐகானுக்கு வெளித்தயாரிப்பு சஸ்பென்ஷன் பாகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: உங்களிடம் 2005 ஆம் ஆண்டு ஐகான் 1.6 பெட்ரோல் கார் இருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. ஃபியெஸ்டாவின் ஷாக் அப்சார்பர் அப்படியே பொருந்தும் என்கிறார் கடைக்காரர். டீசல் ஐகானின் ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி ஸ்திரமாக நிற்கும் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது? பழைய பாகச் சந்தையில் வாங்கலாமா? என்னிடமும் 2004 ஆம் ஆண்டு ஐகான் ஒன்று பதினோரு ஆண்டுகள் இருந்தது, இந்த இரண்டு அறிவுரைகளில் ஒன்று சொல்வதை நானும் தெரியாமலே செய்து கையைச் சுட்டுக்கொண்டேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வெளித்தயாரிப்பு என்றால் ஃபோர்டு அல்லாத பிற நிறுவனங்கள் செய்து விற்கும் பாகம்.

முதலில், ஷாக் அப்சார்பர்தான் போய்விட்டது என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? சிறிய மேட்டில் ஒற்றையாகக் கேட்கும் ‘டொக்’ பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் துண்டு), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர் உறை), பால் ஜாயிண்ட் (அந்தக் கையின் நுனியில் உள்ள உருண்டை மூட்டு), ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) தலைப்பகுதி ரப்பர் மவுண்ட் ஆகிய நான்கில் ஒன்றிலிருந்து வருவது. ஷாக் போன வண்டி சத்தம் போடுவதைவிட, மேட்டைக் கடந்த பிறகும் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடும், டயரின் ஓட்டத்தளத்தில் கையால் தடவினால் தெரிகிற மாதிரி குழி குழியாகத் தேய்மானம் இருக்கும், ஸ்ட்ரட் குழாயில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கும். வண்டியின் மூக்கை அமுக்கி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை, முழுவதும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஆகவே வண்டியைத் தூக்கி, கடப்பாரை போன்ற ஒரு நெம்புகோலால் லோயர் ஆர்மை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் புஷ்ஷில் தீர வேண்டிய வேலைக்கு நான்கு ஷாக்கையும் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ஷாக்கும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ‘ஃபியெஸ்டா’ என்று சொல்லும்போது நீங்கள் உடனே கேட்க வேண்டியது, எந்த ஃபியெஸ்டா என்பதுதான். 1999 இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ஐகான், ஐரோப்பாவில் 1995 இல் வந்த நான்காம் தலைமுறை ஃபியெஸ்டாவின் அடித்தளத்தில் இந்தியாவுக்காக உருவாக்கப்பட்ட செடான். நம் ஊரில் 2005 இல் ஃபியெஸ்டா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த காரோ அதற்கு அடுத்த தலைமுறை அடித்தளத்தைக் கொண்டது, 2011 இல் வந்த ஃபியெஸ்டா அதற்கும் அடுத்தது. ஆக, கடை அலமாரியில் ‘ஃபியெஸ்டா’ என்று எழுதியிருக்கும் பெட்டி அநேகமாக உங்கள் காரின் உறவினருடையது அல்ல, உறவினரின் பிள்ளையுடையது. வெளிநாட்டு இணையக் கடைகளில் தேடும்போது இதற்கு நேர்மாறான குழப்பம் வரும்: அங்கே நான்காம் தலைமுறை ஃபியெஸ்டா என்று போட்டிருக்கும் பாகம் உண்மையிலேயே உங்கள் காருக்கு நெருங்கியது, ஆனால் அது எடை குறைந்த ஹேட்ச்பேக்குக்கு, நல்ல சாலைகளுக்கென அளந்து செய்யப்பட்டது.

இங்கேதான் நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இருக்கிறது. ஒரு பாகம் துளைக்குத் துளை பொருந்துவது வேறு, அந்த வண்டிக்கு ஒத்துப்போவது வேறு. போல்ட் போடும் இடங்கள் ஒன்றாக இருந்தால் மெக்கானிக்கின் வேலை முடிந்துவிடும். உங்கள் தொல்லை அதன்பிறகுதான் தொடங்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் காரும் பெட்ரோல்தான். முன் ஸ்பிரிங் ஒன்று அடிச்சுற்றில் உடைந்துவிட்டது. சென்னையில் ஒரு கடையில் ‘ஐகான் முன்பக்கம்’ என்று பேனாவால் எழுதிய பையில் இரண்டு ஸ்பிரிங்குகளைக் கொடுத்தார்கள், நானும் உயரத்தைக் கண்ணால் ஒப்பிட்டுவிட்டு வாங்கி வந்துவிட்டேன். மாட்டிய அன்று மாலையே காரின் மூக்கு இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது; வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஷாக் முழுவதும் விரிந்து மேல்முனையில் ‘டங்’ என்று மோதியது. வெர்னியரை எடுத்து அளந்தபோது புதிய ஸ்பிரிங்கின் கம்பி பழையதைவிட ஏறக்குறைய 1 மி.மீ. தடிமனாக இருந்தது. அது 1.8 லிட்டர் டீசல் ஐகானின் ஸ்பிரிங். டீசல் இன்ஜின் கனமானது என்பதால் அதன் முன் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தே ஆக வேண்டும்.

ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல் கம்பி மட்டும் 11 மி.மீ. இலிருந்து 12 மி.மீ. ஆனால், விறைப்பு ஏறத்தாழ 42 சதவீதம் கூடிவிடும். அந்த ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்க உங்கள் பெட்ரோல் ஷாக்கின் உள் வால்வுகளால் முடியாது, அவை மென்மையான ஸ்பிரிங்குக்காக அமைக்கப்பட்டவை. மெக்கானிக் சொல்லும் ‘ஸ்திரம்’ முதல் வாரம் தெரியும், பிறகு ஷாக்கின் சீல் போய்விடும். வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை அறுப்பதும் இதே வகைத் தவறுதான்: ஐந்து சுற்றில் அரைச்சுற்றை அறுத்தால் மிச்சம் சுமார் 11 சதவீதம் விறைப்பாகிவிடும், அதோடு தட்டில் படிந்து உட்கார வேண்டிய முனையும் போய்விடும்.

அப்படியானால் எதை நம்பி வாங்குவது? எண்ணை நம்புங்கள். ஃபோர்டு பாகங்களின் பொறியியல் எண் மூன்று துண்டுகளாக இருக்கும். முதல் துண்டு அந்தப் பாகம் எந்த ஆண்டில் எந்த மாடலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் குறிக்கும், ‘96 எஃப்.பி.’ என்று தொடங்கினால் 1996, ஃபியெஸ்டா குடும்பம் என்று பொருள். நடுத்துண்டு அது என்ன வகைப் பாகம் என்பதைச் சொல்லும்: 5310 என்றால் முன் ஸ்பிரிங், 5560 என்றால் பின் ஸ்பிரிங். கடைசியில் வரும் இரண்டு எழுத்துகளைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அவற்றில் இரண்டாம் எழுத்து மட்டும் மாறியிருந்தால் அது பெரும்பாலும் அதே பாகத்தின் திருத்திய வடிவம், தாராளமாக வாங்கலாம். முதல் எழுத்து மாறியிருந்தால் அது வேறு இன்ஜினுக்கோ வேறு வகைக்கோ உரிய பாகமாக இருக்கலாம். ‘ஏ.ஏ.’ வுக்குப் பதில் ‘ஏ.பி.’ என்றால் பிரச்சினை இல்லை, ‘பி.ஏ.’ என்றால் நின்று யோசிக்க வேண்டும். உங்கள் பழைய பாகத்தின் மேலேயே இந்த எண் அச்சாகவோ ஒட்டுத்தாளாகவோ இருக்கும், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துத் தேடுங்கள். காப்ரியல், மன்ரோ போன்ற வெளித்தயாரிப்பாளர்களின் பட்டியல்களில் மாடல் பெயரோடு இன்ஜின் வகையையும் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள், மூல எண்ணும் அதில் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் கையில் வைத்திருங்கள், ஏனெனில் ஆர்.சி.யில் உள்ள பதிவுத் தேதிக்கும் கார் தயாரான மாதத்துக்கும் சில நேரம் ஓராண்டு வித்தியாசம்கூட இருக்கும்.

எண் அழிந்து போயிருந்தால் அளவுகள்தான் வழி. பழைய ஸ்ட்ரட்டைக் கழற்றி, முழுவதும் விரித்த நீளம், தண்டின் விட்டம், தலைமுனை மரையின் அளவு, லிங்க் பிடிக்கும் காதின் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைவிட முக்கியமானது, ஸ்ட்ரட்டின் அடிமுனையிலிருந்து ஸ்பிரிங் உட்காரும் தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அந்தத் தட்டு 15 மி.மீ. மேலே இருந்தால் உங்கள் சொந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் கார் ஏறக்குறைய அதே அளவு தூக்கிக்கொள்ளும்.

ஐகானுக்கென்று ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. மாருதியிலும் ஹூண்டாயிலும் பார்ப்பதுபோல ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி இரண்டு போல்ட்டால் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் மூட்டு) இறுக்கப்படுவதில்லை. ஸ்ட்ரட் குழாயே நக்கிளின் வளையத்துக்குள் இறங்கி, ஒரே பிஞ்ச் போல்ட்டால் கவ்வப்படுகிறது. ஆகவே குழாயின் வெளிவிட்டம் துல்லியமாகப் பொருந்தியே ஆக வேண்டும். சற்று ஒல்லியான ஸ்ட்ரட்டுக்குத் தகரத்தைச் சுற்றி உள்ளே தட்டி இறக்கும் வித்தையை ஒரு பட்டறையில் நேரில் பார்த்தேன், சக்கரத்தைத் தாங்கும் மூட்டில் தகரம்! அப்படி ஒருவர் ஆரம்பித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இந்த அமைப்பில் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை, சரிசெய்ய நீள்துளையும் கிடையாது, எனவே அளவு தவறிய பாகத்தால் வரும் கோணலை அலைன்மெண்ட் கடையில் திருத்திவிடவும் முடியாது.

லோயர் ஆர்மில் புஷ்ஷை மட்டும் மாற்றலாமா, முழு ஆர்மையும் வாங்கலாமா என்பது பலரும் கேட்பது. இரும்பு நேராக இருந்து, நல்ல புஷ்ஷும் கிடைத்தால் லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து ஏற்றிக்கொள்ளலாம், சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. சில புஷ்களின் ரப்பரில் பிறை வடிவ வெற்றிடங்கள் இருக்கும். அவை எந்தத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி, பழையதைக் கழற்றும் முன் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பால் ஜாயிண்ட்டும் ஆடுகிறது என்றால் நல்ல நிறுவனத்தின் முழு ஆர்மே மேல், ஸ்டியரிங் இணைப்புப் பாகங்களுக்குப் பேர்போன ரானே போன்ற நிறுவனங்களின் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும் என்பது உண்மைதான்; ஆனால் சாலையின் ஒவ்வொரு சரளைக்கல்லையும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அறிவிக்கும். தினமும் குடும்பத்தோடு போகிற காருக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

பழைய பாகச் சந்தையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய ஸ்டெபிலைசர் பாரையோ நக்கிளையோ வளைவும் வெடிப்பும் இல்லையென்று பார்த்து வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். கழற்றிய ஷாக்கையும், எண்ணெய் மாற்றி வெல்டு வைத்த ‘ரீகண்டிஷன்’ ஷாக்கையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். புதிய பெட்டியில் அதிகபட்ச விலையும் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்க வேண்டும். ரப்பர் பாகமாக இருந்தால் அந்த ஆண்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம், ஏனெனில் அலமாரியில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகிப் பிளக்கும்.

எதை வாங்கினாலும் ஒரே அச்சின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே எண்ணில் ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் வாயு நிரப்பிய ஷாக், மறுபக்கம் வெறும் எண்ணெய் ஷாக் என்று இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதை உணர்வீர்கள். ஸ்ட்ரட்டை மாற்றும்போதே தலை மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். பின்புறப் பெட்டியில் கேஸ் சிலிண்டர் பொருத்தியிருந்தால் அதைப் பின் ஸ்பிரிங் வாங்கும்போது கடையில் சொல்லுங்கள்.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுவதும் இறுக்கிவிடுவது நம் பட்டறைகளில் வழக்கம். ரப்பர் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிடிபட்டுவிடுவதால், சக்கரம் தரையில் பட்டதும் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடுகிறது. பழி புதிய புஷ்ஷின் மேல் விழுகிறது. முதலில் கையளவு இறுக்கி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முறைத்துப் பார்ப்பார்கள், பரவாயில்லை. அதே நாளில் அலைன்மெண்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

கழற்றிய பாகங்களை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கும் வரை பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். டீசல் ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரியானதைத் தேடக் கிளம்பியபோது, அளவெடுக்கவும் எண் பார்க்கவும் என்னிடம் உடையாத பக்கத்துப் பழைய ஸ்பிரிங் இல்லை. பட்டறைப் பையன் அதை அன்று காலைதான் எடைக்குப் போட்டிருந்தான். நானும் அவனும் அந்தப் பழைய இரும்புக் கடைக்கு ஓடிப்போய்க் குவியலில் கிளறி, எடைக்கு எடை பணம் கொடுத்து என் ஸ்பிரிங்கை நானே மறுபடி வாங்கி வந்தேன்.