ரீசெட் பொத்தானை அழுத்தும் முன்: வயர்லெஸ் சென்சார்கள் பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பலவும் "ரீசெட் செய்து மறுபடி இணைத்தேன், இரண்டே நாளில் பழையபடி ஆகிவிட்டது" என்று முடிகின்றன. ரீசெட் செய்யும்போது அழிவது கருவியின் நினைவில் உள்ள நெட்வொர்க் விவரம் மட்டுமே; இடையில் நிற்கும் கான்கிரீட் சுவரோ, பக்கத்து வீட்டு ரவுட்டரோ, வலுவிழந்த பேட்டரியோ அதனால் மாறப்போவதில்லை. ஆகவே, கோளாறு எந்த நேரத்தில் வந்தது, ஒரு கருவிக்கு மட்டும் வந்ததா அல்லது அதே அறையில் உள்ள மற்றவற்றுக்கும் வந்ததா, சற்று முன் மின்சாரம் போய் வந்ததா என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டில் உள்ள ஜிக்பீ (குறைந்த ஆற்றலில் இயங்கும் வயர்லெஸ் முறை) சென்சார்கள் பகலில் ஒழுங்காக இயங்குகின்றன. இரவு ஏழு மணிக்கு மேல் ஒவ்வொன்றாகத் தொடர்பை இழந்து, நள்ளிரவுக்குப் பிறகு தாமாகவே திரும்புகின்றன. ஹப்பாக, அதாவது எல்லாச் சென்சார்களையும் ஒருங்கிணைக்கும் மையமாக, பயன்படும் சிறு கணினியும் அதில் செருகிய ஜிக்பீ டோங்கிளும் (ஜிக்பீ செய்திகளை வாங்கி அனுப்பும் யூஎஸ்பி கருவி) டிவிக்குப் பின்னால், ரவுட்டரை ஒட்டி இருக்கின்றன. டோங்கிளை மாற்ற வேண்டுமா? (அண்ணா நகர்)

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் குறிப்பிட்ட நேரமே காரணத்தைச் சுட்டுகிறது. குடியிருப்பில் எல்லோரும் வீடு திரும்பி, வீட்டுக்கு வீடு வீடியோ ஓடத் தொடங்கும் நேரம் அது. ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்கின்றன. வைஃபை சேனல் ஒன்று குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்ள, ஜிக்பீ சேனலுக்கு 2 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே போதும். ஆற்றலிலும் வைஃபையே மிகப் பெரியது. எனவே வைஃபை நெரிசல் கூடும்போது சென்சார்களின் செய்திகள் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டும் போய்ச் சேராமல் தொலைகின்றன.

முதலில் செய்ய வேண்டியது செலவு குறைந்த வேலை. கணினியின் யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழ்கின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் இதை விளக்கியிருக்கிறது. அந்த இரைச்சலால் பகலிலேயே குறைந்திருக்கும் டோங்கிளின் கேட்கும் திறன், மாலை நெரிசலில் முற்றிலும் போதாமல் போகிறது. டோங்கிளை யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றி, ஒரு மீட்டருக்குக் குறையாத எக்ஸ்டென்ஷன் கேபிளில் இணைத்து, டிவியையும் ரவுட்டரையும் இரும்பு பீரோவையும் விட்டு விலக்கி வையுங்கள். இரண்டு மூன்று மாலைகள் கவனித்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போய்விடும்.

அடுத்த படி சேனல் தேர்வு. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள் உண்டு. 11-ஆவது சேனல் 2405 மெகாஹெர்ட்ஸில் இருக்க, மற்றவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் தொடர்கின்றன. வைஃபையின் 1, 6, 11 ஆகிய சேனல்களின் மையங்கள் 2412, 2437, 2462 என்று அமைவதால், ஜிக்பீயின் 15, 20, 25 ஆகியவை அவற்றின் ஓரங்களில் கிடைக்கும் இடைவெளிகளில் விழுகின்றன. ரவுட்டரில் சேனல் 'ஆட்டோ' என்று இருந்தால் அதை நிறுத்தி 1 என்றோ 6 என்றோ நிலையாக வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து, ஜிக்பீயை 25-க்கு மாற்றலாம். ஆனால் இந்தியாவில் வைஃபைக்கு 13-ஆவது சேனல் வரை அனுமதி உள்ளதால், மாலை நேரத்தில் போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியை ஓட்டி, அக்கம்பக்கத்தில் யாரும் 12, 13 சேனல்களில் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இருந்தால் 20 நல்லது. 26-ஐ நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் சில கருவிகள் அதில் குறைந்த ஆற்றலில்தான் பேசும், சில சேரவே மறுக்கும். சேனல் மாறியதும் மின் இணைப்பில் உள்ள கருவிகள் பெரும்பாலும் தாமே பின்தொடரும். பேட்டரி சென்சார்களுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் வராதவற்றை மட்டும் மறுபடி இணைத்தால் போதும்.

கேள்வி: பழைய வீடு, கனமான சுவர்கள். முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் வைத்த சென்சார் எட்டவில்லை என்று, நடுவில் மேலும் மூன்று சென்சார்கள் வாங்கி வைத்தேன். ஜிக்பீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் என்றார்கள். ஒரு மாற்றமும் இல்லையே? (மயிலாப்பூர்)

பதில்: தாவும் என்பது உண்மை, ஆனால் எல்லாக் கருவிகளும் பிறர் செய்தியைச் சுமப்பதில்லை. பேட்டரியில் இயங்கும் சென்சார் தன் ஆயுளின் பெரும்பகுதியை உறக்கத்தில் கழிக்கிறது. சொல்ல வேண்டியது இருக்கும்போது மட்டும் விழித்து, சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். தொடர்ந்து மின்சாரம் பெறும் கருவிகளே செய்திகளைக் கடத்தும். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் இடையே, முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பாயின்ட்டில் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் செருகி வையுங்கள். அது ஏதேனும் ஒரு விளக்கை இயக்கினாலும் இயக்காவிட்டாலும் கவலையில்லை. அங்கே இருப்பதே அதன் வேலை.

அதன் பிறகு ஒன்று கவனிக்க வேண்டும். ஏற்கெனவே இணைந்த சென்சார்களில் சில, பக்கத்திலேயே புதிய பிளக் வந்தாலும் பழைய வழியையே பற்றிக்கொண்டிருக்கும். பின்கட்டுச் சென்சாரை அது இருக்கும் இடத்திலேயே வைத்து, அந்தப் பிளக் வழியாகச் சேருமாறு மீண்டும் இணையுங்கள். ஹப்பின் அருகில் வைத்து இணைத்துவிட்டுப் பிறகு தூக்கிச் செல்வதுதான் பலரும் செய்வது, அதைத் தவிருங்கள். ஸ்மார்ட் பல்புகளும் செய்தியைக் கடத்தக்கூடியவை என்றாலும், அறையை விட்டு வெளியேறும்போது சுவிட்சை அணைப்பது நம் வீடுகளில் ஊறிய நல்ல பழக்கம் என்பதால், அவற்றை நம்பிப் பாதை அமைக்க வேண்டாம். நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) இல்லாமல் இயங்கும் சுவிட்சுகளில் பெரும்பாலானவை செய்தியைக் கடத்துவதில்லை. உங்கள் சுவிட்ச் போர்டில் பிளக் பாயின்ட்டும் சேர்ந்திருந்தால் அங்கே நியூட்ரல் வயர் இருக்கும்; ஆகவே நியூட்ரல் தேவைப்படும் சுவிட்சையே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். சுவருக்குள் இருப்பது தகரப் பெட்டியானால் அது அலையைப் பெருமளவு மறைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய வைஃபை பிளக் சேரவே மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. (தி. நகர்)

பதில்: இத்தகைய பிளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும். உங்கள் ரவுட்டர் இரண்டு பேண்டுகளுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால், இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவையுங்கள். பாதுகாப்பு அமைப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-உம் சேர்ந்ததாக மாற்றுங்கள். போன் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது.

கேள்வி: மின்சாரம் போய் வந்தால் பாதி வைஃபை சுவிட்சுகள் திரும்புவதில்லை. ஒவ்வொன்றையும் அணைத்துப் போட்டால் சரியாகிறது. (வேளச்சேரி)

பதில்: மின்சாரம் திரும்பிய சில நொடிகளில் சுவிட்சுகள் விழித்துவிடுகின்றன, ரவுட்டர் முழுமையாக எழ ஓரிரு நிமிடங்கள் ஆகும். அதற்குள் பலமுறை தேடிச் சலித்து, தேடுவதையே நிறுத்திவிடும் கருவிகள் உண்டு. ரவுட்டர், இணையம் தரும் ஃபைபர் பெட்டி, ஹப் ஆகிய மூன்றையும் இன்வெர்ட்டர் லைனிலோ தனி மினி யூபிஎஸ்ஸிலோ வைத்துவிட்டால், சுவிட்சுகள் எழும்போது அவை தேடும் நெட்வொர்க் ஏற்கெனவே இருக்கும். ரவுட்டரில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவையுங்கள். கருவிகளின் அமைப்பில் 'மின்சாரம் திரும்பியபின் எந்த நிலை' என்ற தேர்வையும் தவறாமல் பாருங்கள். கீசரும் அயர்ன் பாக்ஸும் இணைந்த பிளக்குகளில் அது 'அணைந்த நிலை' என்றே இருக்க வேண்டும். இதில் வசதியைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து நான்காவது தெரு. வாசல் கதவைச் சாத்திய பிறகும் சென்சார் 'திறந்திருக்கிறது' என்கிறது. மழை மாதங்களில்தான் அதிகம். பேட்டரி நூறு சதவீதம் என்று காட்டிய மறுநாளே செத்துவிட்டது. (பெசன்ட் நகர்)

பதில்: கதவுச் சென்சாருக்குள் இருப்பது காந்தம் அருகில் வந்தால் ஒட்டிக்கொள்ளும் இரு மெல்லிய உலோக இதழ்கள். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் பல மாடல்கள் தடுமாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதி, நிலையில் முழுமையாகப் பொருந்தாமல் நிற்கும்போது அந்த இடைவெளி கூடிவிடுகிறது. காந்தத்தின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்து நெருக்கிப் பொருத்துங்கள். இரும்பு கிரில் கதவானால் இரும்பே காந்தப்புலத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அங்கும் இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் இடைத்துண்டு தேவை.

பேட்டரி சதவீதத்தை நம்ப வேண்டாம். சிஆர்2032 போன்ற லித்தியம் காயின் செல்கள் கடைசிவரை 3 வோல்ட்டை ஒட்டியே நின்று, தீரும் தறுவாயில் திடீரென விழும். அந்த வோல்ட்டை வைத்தே கருவி சதவீதத்தைக் கணிக்கிறது. உப்புக் காற்றில் பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு சேர்ந்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் மூடுங்கள்.

கேள்வி: மேல்மாடி அறையில் உள்ள நடமாட்ட சென்சார் கத்திரி வெயில் மதியங்களில் நாங்கள் நடந்தாலும் உணர்வதில்லை, இரவில் ஆளில்லாத அறையில் விளக்கைப் போடுகிறது. (அம்பத்தூர்)

பதில்: இது பிஐஆர் வகை. உடலுக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு நகர்வதையே அது காண்கிறது. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையின் சுவர்கள் 34, 35 டிகிரிக்குச் சூடேறும்போது தோலின் வெப்பமும் அதே அளவில் இருப்பதால், அதன் பார்வையிலிருந்து நீங்கள் ஏறக்குறைய மறைந்துவிடுகிறீர்கள். நேராக அதை நோக்கி நடப்பதைவிடக் குறுக்கே கடப்பதை அது நன்றாக உணரும். ஆகவே வாசலுக்கு எதிரில் வைக்காமல் பக்கச் சுவரில் வையுங்கள். இரவு விளக்குக்குப் பெரும்பாலும் பல்லியே காரணம்: லென்ஸின் மேலோ மிக அருகிலோ ஊரும் சிறு உயிரும் அதற்குப் பெரிய அசைவாகத் தெரியும். ட்யூப் லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். விளக்கை விட்டுச் சென்சாரை விலக்குங்கள். இதற்குப் பதிலாக ரேடார் சென்சார் வாங்க எண்ணினால், சுழலும் சீலிங் ஃபேனை அது ஆளென்று கொள்ளக்கூடும் என்பதை அறிந்து வாங்குங்கள்.

கேள்வி: உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இசட்-வேவ் (ஜிக்பீ போன்ற இன்னொரு வயர்லெஸ் முறை) சென்சார்கள் இங்கே வாங்கிய ஹப்பில் சேரவில்லை. (போரூர்)

பதில்: சேராது. அமெரிக்க இசட்-வேவ் 908.42 மெகாஹெர்ட்ஸிலும், இந்தியாவுக்கானது 865.2 மெகாஹெர்ட்ஸிலும் பேசுகின்றன. அமெரிக்க ஹப்பையும் வரவழைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். அந்த அதிர்வெண் இங்கே உரிமமின்றிப் பயன்படுத்த ஒதுக்கப்பட்டதல்ல.

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியின் மூடியில் வைத்த, ஒலியலையால் நீர்மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் சில நேரம் 40 சதவீதத்திலிருந்து 95-க்குத் தாவுகிறது, சில நேரம் மணிக்கணக்கில் செய்தியே இல்லை. தொட்டி நிரம்பி வழிந்தபோதும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. (மடிப்பாக்கம்)

பதில்: இங்கே மூன்று தனித்தனிக் கோளாறுகள் உள்ளன. தாவும் அளவீட்டுக்கு முதல் காரணம், மூடியின் அடியில் படியும் நீர்த்துளிகள். குளிர்ந்த விடியற்காலையில் இது அதிகம். இரண்டாவது காரணம், இந்த வகைச் சென்சார்கள் பலவற்றால் 20, 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் நீர்மட்டத்தை அளக்க முடியாது. தொட்டி நிரம்பும் கட்டத்தில்தான் அது பிசகும். நிரம்பிய மட்டத்திலிருந்து அந்த அளவு உயரம் கிடைக்குமாறு சென்சாரை உயர்த்தி, தண்ணீர் கொட்டும் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள். ஒற்றை அளவீட்டை ஏற்காமல் ஐந்தின் நடு மதிப்பை ஏற்கச் செய்யுங்கள்.

செய்தி வராமைக்குக் காரணம் இடையிலுள்ள கான்கிரீட் தளங்களும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும் தொட்டித் தண்ணீரும். மாடிப்படி அறையில், தொட்டியைப் பார்த்தபடி ஓர் இடைக்கருவியை வைத்துப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் 865-867 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், நெடுந்தூரம் எட்டும் வயர்லெஸ் முறையான லோரா வகையே தளங்களைத் தாண்டி வருவதற்கு ஏற்றது.

மூன்றாவது கோளாறுதான் மிக முக்கியமானது. செய்தி வராதபோது, கடைசியாக வந்த '40' என்பதையே உண்மையென்று கொண்டு மோட்டார் ஓடியிருக்கிறது. குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் புதிய அளவீடு வரவில்லையென்றால் மோட்டார் நிற்க வேண்டும் என்ற விதியும், எந்த நிலையிலும் இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற உச்சவரம்பும் கட்டாயம். அதோடு நிற்காமல், மேல்தொட்டியிலும் சம்ப்பிலும் (நிலத்தடித் தொட்டி) வயரில் இணைந்த ஃப்ளோட் சுவிட்சுகளை (நீரில் மிதந்து மட்டத்தை உணர்பவை) பொருத்துங்கள். மோட்டாரை நிறுத்தும் இறுதிப் பொறுப்பை எந்த வயர்லெஸ் கருவியிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சம்ப் வற்றியபின் ஓடும் மோட்டார் எரிந்தால் இழப்பு சென்சாரின் விலையோடு நிற்காது. மேலும், மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் வழக்கமான ஓட்டத்தைப் போலப் பல மடங்கு என்பதால், ஸ்மார்ட் சுவிட்சின் ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டு அணைக்கவே முடியாமல் போகக்கூடும். நடுவே தகுந்த கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே அறையில் அருகருகே வைத்த இரண்டு ஈரப்பத சென்சார்கள் 68 என்றும் 79 என்றும் காட்டுகின்றன. எதை நம்புவது? (திருவான்மியூர்)

பதில்: சமையலறை உப்பே இதற்குத் தீர்ப்புச் சொல்லும். பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் ஈரமான குழம்புப் பதத்தில் நிற்குமளவு சில துளி தண்ணீர் விடுங்கள். அந்த மூடியையும் இரு சென்சார்களையும், உப்பு அவற்றைத் தொடாதபடி, காற்றுப் புகாத ஜிப் பையில் வைத்து இரவு முழுவதும் ஏசியோ வெயிலோ படாத இடத்தில் விட்டுவிடுங்கள். ஈர உப்புக்கு மேலுள்ள காற்றின் ஈரப்பதம் 25 டிகிரியில் 75 சதவீதமாக நிலைபெறும். நம் அறை வெப்பநிலைகளிலும் அது பெரிதாக மாறுவதில்லை. காலையில் பையைத் திறக்காமலே செயலியில் இரண்டின் அளவையும் பார்த்து, 75-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை அந்தந்தச் சென்சாரின் திருத்த மதிப்பாகப் பதியுங்கள். இரண்டு மூன்று சதவீத விலகல் இயல்பானது, அதைத் திருத்த வேண்டியதில்லை. பத்துக்கு மேல் விலகும் சென்சாரை ஓரிரு மாதம் கழித்து மறுபடி சோதித்து, விலகல் வளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.