டோங்காட் பக்கம் கிராமத்து மண் சாலை: கிரேடர் (மண்ணைச் சீவிச் சமன் செய்யும் பிளேடு வண்டி) ஓட்டியும் ஏன் சீக்கிரம் கெடுகிறது, யாரிடம் சொல்வது?

முதலில் சாலை எண்ணைப் பாருங்கள். டோங்காட் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பி (P), டி (D), எல் (L) என்று தொடங்கும் எண் இருந்தால் அது மாகாணப் போக்குவரத்துத் துறையின் சாலை. எல் என்பவை ஊருக்குள் முடியும் குட்டைச் சாலைகள், பெரும்பாலும் கிராவல் (சரளை மண்) தான். கரும்புத் தோட்டத்துக்குள் எண்ணில்லாமல் போகும் பாதையைத் தோட்டக்காரர்தான் பார்க்க வேண்டும், துறை வராது.

கிரேடர் போன கொஞ்ச நாளிலேயே அலை அலையாக எழும்புகிறது என்றால், காய்ந்த மண்ணில் ஓட்டியிருக்கிறார்கள். பிளேடு அலையின் தலையைச் சீவி, அந்தத் தூளாலேயே பள்ளத்தை நிரப்பிவிடும். நாலு கரும்பு லாரி போனால் பழைய அலை திரும்ப வந்துவிடும். அலையின் அடிவரை வெட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்ட வேண்டும். மழைக்குப் பின் ஈரம் இருக்கும்போது ஓட்டினால் தண்ணீர் லாரிச் செலவும் மிச்சம்.

அதைவிடப் பெரிய எதிரி தேங்கும் நீர். நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 4 முதல் 5 செ.மீ. சரிவு வேண்டும். கிரேடர் ஓரத்தில் விட்டுப்போகும் மண் வரப்பு நீரை உள்ளேயே அடைத்துவிடும். பலரும் கவனிக்காத இடம் இது. பக்கவாட்டு வடிகால் வாயைக் கரும்பு நட்டு மூடியிருந்தாலும் அதே கதி.

துறைக்கு அனுப்பும் புகாரில் சாலை எண், அருகிலுள்ள சந்திப்பிலிருந்து எத்தனை மீட்டர், அடைபட்டது சாலைக்கு அடியில் போகும் குழாயா, வடிகாலா என்று எழுதுங்கள். ‘ரோடு மோசம்’ என்று மட்டும் எழுதினால் மறுபடி கிரேடரைத்தான் அனுப்புவார்கள்.