எலினோர் ஒஸ்ட்ரொம் எப்படிப் பொருளியலாளரானார், மாணவர்களை எப்படி வளர்த்தார்?

பொருளியலில் பட்டமே பெறாத ஒருவருக்கு 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு எப்படிக் கிடைத்தது, அவரிடம் படித்தவர்கள் அவரை ஏன் இவ்வளவு உரிமையோடு நினைவுகூருகிறார்கள், அவர் எழுதியவற்றில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிப்பவன்; குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கும் வீட்டில் பிறந்தவன். ஆகவே என் பதில் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

முதலில் ஒரு திருத்தம். ஒஸ்ட்ரொம் பொருளியல் படிக்க விரும்பாதவர் அல்லர், படிக்க விடப்படாதவர். 1933 இல் லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அவருக்கு, பள்ளிக்கூடத்தில் திரிகோண கணிதம் படிக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெண் பிள்ளைக்கு அது எதற்கு என்று எண்ணிய காலம் அது. 1954 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அரசறிவியலில் பட்டம் பெற்று வேலை தேடிப் போனபோது, தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரியுமா என்றுதான் அவரிடம் கேட்டார்கள். அஞ்சல் வழியில் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொண்டார். செயலாளர் வேலைக்கு அது உதவவில்லை என்றும், பிற்காலத்தில் ஆய்வுக்காக மக்களை நேரில் கண்டு பேசும்போது குறிப்பெடுக்க உதவியது என்றும் அவரே எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளின் பின் பொருளியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய முயன்றபோது, கணிதப் பின்னணி போதாது என்று அந்தக் கதவு அடைக்கப்பட்டது. அரசறிவியல் துறை அவரை ஏற்றுக்கொண்டது. அங்கும் நாற்பது பேர் கொண்ட அணியில் பெண்கள் நால்வர்தான்.

அந்தத் துறையில்தான் வின்சன்ட் ஒஸ்ட்ரொமின் கருத்தரங்க வகுப்பு அவருக்கு வாய்த்தது. தென் கலிபோர்னியாவின் நிலத்தடி நீர்ப் பகுதிகளை வின்சன்ட் மாணவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். எலினோருக்குக் கிடைத்தது கடலோரத்தை ஒட்டிய மேற்குப் பகுதி. அங்கே எல்லோரும் போட்டி போட்டு நீரை இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவராகிவரும் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. புதிது எதுவென்றால், நீரை இறைத்தவர்களே சங்கமாகக் கூடி, நீதிமன்றத்திலும் வெளியிலும் பேசி, யார் எவ்வளவு இறைக்கலாம் என்ற கட்டுப்பாட்டுக்கு வந்ததுதான். எலினோர் அவர்களுடைய கூட்டங்களில் போயிருந்து கவனித்தார். அதுவே 1965 இல் அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வாயிற்று. ஆசிரியரான வின்சன்டை அதற்கு முன்பே, 1963 இல், அவர் மணந்திருந்தார்.

கணவருக்குப் புளூமிங்டனில் உள்ள இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்ததால் இருவரும் அங்கே போனார்கள். எலினோருக்குக் கிடைத்ததோ, செவ்வாய், வியாழன், சனி நாட்களில் காலை ஏழரை மணிக்கு அமெரிக்க அரசாங்கம் பற்றிய அறிமுக வகுப்பு. வேறு யாரும் விரும்பாத நேரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தொங்கலிலிருந்து தொடங்கியவர் 1974 இல் பேராசிரியராகி, 1980 இல் துறைத் தலைவரானார்.

அவருடைய ஆசிரியத்துவத்தைப் புரிந்துகொள்ள 1973 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார்கள். நிலையம், மையம் என்று பெயரிடாமல் ‘பட்டறை’ என்றே பெயரிட்டார்கள். அது அலங்காரத்துக்கு வைத்த பெயரல்ல. இருவரும் ஒரு தச்சரிடம் வேலை பழகித் தங்கள் வீட்டுத் தளபாடங்களைத் தாங்களே செய்தவர்கள். கைவினைஞரும் பழகுநரும் ஒரே மேசையில் நின்று கற்பதைப் போல ஆய்வும் கற்கப்பட வேண்டும் என்று நம்பியவர்கள். திங்கட்கிழமை மதியக் கருத்தரங்கில் மூத்த பேராசிரியரும் முதலாண்டு ஆய்வு மாணவரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். எல்லோருக்கும் அவர் ‘லின்’. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நம் ஊரில் கற்பனை செய்யவே முடியாது; நானும் அதைப் பரிந்துரைக்கவில்லை.

அவருடைய மாணவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகளைப் பாருங்கள். வில்லியம் புளொம்கிவிஸ்ட் ஆசிரியையின் பழைய களத்துக்கே, கலிபோர்னிய நிலத்தடி நீருக்கே, திரும்பிப் போனார். எடெல்லா ஷ்லேகர் ஒஸ்ட்ரொமோடு சேர்ந்து 1992 இல் எழுதிய கட்டுரை, ‘உரிமை’ என்ற ஒற்றைச் சொல்லை நுழைதல், எடுத்தல், நிர்வகித்தல், பிறரை விலக்குதல், கைமாற்றுதல் என ஐந்தாகப் பிரித்துக் காட்டியது. வாய் ஃபுங் லாம் நேபாளத்து நீர்ப்பாசனத்தை ஆராய்ந்தார். விவசாயிகள் தாங்களே நடத்திய வாய்க்கால்கள், அரசு பொறியியலாளரை வைத்து நடத்தியவற்றைவிடக் கடைசிக் காணிவரை தண்ணீரை நன்றாகக் கொண்டு சேர்த்தன. மண்ணும் மரமும் கொண்டு கட்டிய பழைய அணை ஆண்டுதோறும் உடையும். அதைத் திருத்த, முன்னுக்கு இருப்பவருக்குக் கடைசியில் இருப்பவரின் உழைப்புத் தேவை. கொங்கிறீற் அணை வந்ததும் அந்தத் தேவை போய்விடுகிறது. கடைசிக் காணிக்காரரின் பேச்சுக்கு இருந்த பெறுமதியும் அதோடு போய்விடுகிறது. இதைப் படித்த அன்று எங்கள் வாய்க்காலை நினைத்து வெகுநேரம் விழித்துக் கிடந்தேன்.

எனக்கும் ஒரு லின் கிடைத்தார் என்றே சொல்ல வேண்டும். இறுதி ஆண்டு ஆய்வுக்காக, மீளக்குடியேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு சிறு குளத்து ஊருக்கு வினாக்கொத்தோடு போனேன். “நீர்ப் பங்கீட்டில் திருப்தியா?” என்ற வினாவுக்கு எல்லோரும் ‘ஆம்’ என்றே அடையாளமிட்டிருந்தார்கள். என் மேற்பார்வையாளர் தாள்களைப் புரட்டிவிட்டு, அவற்றைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு திரும்பப் போகச் சொன்னார். போனேன். ஊர்ப் பெரியவர் ஒருவர், “தம்பி, தாளில கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். இரவைக்குத் துருசடிக்கு வாரும்” என்றார். துருசடி என்றால் குளத்து மதகடி.

சிறுபோகக் காலம். நடுச்சாமத்தில் ஒருவர் மண்வெட்டியோடு வரம்பில் குந்தியிருந்தார்; அவருடைய முறை முடிய இன்னும் அரை மணி இருந்தது. அடுத்த முறைக்காரர் ரோச்லைற்றோடு அதற்குள் வந்துவிட்டார். இருவரும் அதிகம் பேசவில்லை. ஒருவர் நேரம் கடத்தாமல் மற்றவர் பார்த்துக்கொண்டார். சம்பளத்துக்குக் காவற்காரர் எவரும் தேவைப்படவில்லை. பிறகு பெரியவர் முறை வரிசையை எனக்குச் சொன்னார். அது எந்தத் தாளிலும் இருக்கவில்லை. இரண்டு பெயர்களைச் சொல்லிச் சற்று நிறுத்தி, “அவை இல்லை, தம்பிக்காரன்தான் பாக்கிறான்” என்று அடுத்த பெயருக்குப் போனார். முறை வைத்து நீர் பாய்ச்சும் இடங்களில் முடிப்பவரும் தொடங்குபவரும் ஒருவரையொருவர் கண்காணிப்பதை ஒஸ்ட்ரொம் 1990 இல் வெளியான தம் ‘Governing the Commons’ நூலில் ஸ்பெயினை வைத்து விளக்கியிருப்பதைப் பின்னர்தான் படித்தேன்.

அவரிடம் எனக்கொரு குறையும் உண்டு. நீர், மீன், காடு போன்ற பொதுவளங்களை நெடுங்காலம் காத்த அமைப்புகளிலிருந்து அவர் எடுத்த எட்டுக் கோட்பாடுகள், மக்கள் தலைமுறையாக ஒரே இடத்தில் இருப்பதை அடிப்படையாகக் கொண்டவை. பொதுவளங்களை மக்கள் எப்படி ஆளுகிறார்கள் என்ற இந்த ஆய்வுக்காக 2009 ஒக்டோபர் 12 இல் அவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டபோது, போரால் இடம்பெயர்ந்த வன்னி மக்களில் பெரும் பகுதியினர் செட்டிகுளம் முகாம்களில் இருந்தோம். ஒரு ஊரே பெயர்ந்து, பாதிப் பேர் திரும்பாதபோது முறை வரிசை எப்படி மீள்கிறது என்பதற்கு அந்த எட்டில் நேரடியான விடை இல்லை. அந்த எட்டையும் சரி, பிழை போடும் பட்டியலாக்கித் திட்ட அலுவலர்கள் கொண்டு வருவது வேறு கதை. எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து கிடையாது என்று அவரே 2007 இல் எச்சரித்து எழுதியிருந்தார்.

படிக்கத் தொடங்குவதானால், அந்த 1990 நூலின் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். தோற்றுப்போனவையும் தள்ளாடுபவையும் அதில் வருகின்றன. இலங்கையின் தெற்கே மாவெல்லக் கரைவலைக்காரரின் கதையும், கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் இளைஞர்களை ஊருக்குள் தங்கவைத்து விவசாயிகளைக் கூட்டியெடுத்த கதையும் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவரென்றால், மாவெல்லப் பகுதியை வலைப்பாடு வைத்திருந்த யாராவது ஒருவருக்கு வாசித்துக் காட்டி, எங்கே பிழை என்று கேட்டுப் பாருங்கள்.