கல்கரியில் பிட்புல் எடுக்கப்போகும் உவர்மலைத் தம்பிக்கு

தம்பி, திருகோணமலை உவர்மலையிலிருந்து கனடாவின் கல்கரிக்கு வந்து நாலு மாதம், பேஸ்மன்றில் தனிய இருக்கிறேன், நாய் மீட்பு நிலையத்தில் இரண்டு வயதுப் பிட்புல் இன நாய் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர். கூடவே குளிர் ஜக்கெற், கார்க் காப்புறுதி என்று வேறு கேள்விகள். ஜக்கெற் எந்தக் கடையிலும் வாங்கலாம். காரைப் பிறகு பார்ப்பம்.

கல்கரியில் எந்த நாயினத்துக்கும் தடை இல்லை. நாய்க்கு 3 மாதம் ஆனால் மாநகர லைசன்ஸ் வேண்டும், அவ்வளவுதான். ஒன்ராறியோ மாகாணம் அப்படியில்லை. 2005 ஓகஸ்ட் 29 முதல் அங்கே பிட்புல் ரெரியர், ஸ்ரபட்சயர் புல் ரெரியர், அமெரிக்கன் ஸ்ரபட்சயர் ரெரியர், சாயலில் அவற்றைப் போன்ற நாய், எதையும் புதிதாக வைத்திருக்கவோ மாகாணத்துக்குள் கொண்டுவரவோ கூடாது. தண்டம் 10,000 டொலர் வரை, சிறை 6 மாதம் வரை. 'இது பிட்புல் இல்லை' என்று நிரூபிக்கிற பொறுப்பும் உம்முடைய தலையில்தான். ஒன்ராறியோவின் ஸ்காபுறோவில் கலியாணம் என்றால் நாயைக் காரில் ஏற்றாதேயும். "லாப்ரடோர் கலப்பு எண்டு சொல்லு, ஒருத்தரும் பாக்கமாட்டினம்" என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். தண்டம் கட்ட அவர்கள் வரமாட்டார்கள்.

கல்கரி இருக்கிற அல்பேர்ட்டா மாகாணத்தில் வீட்டுக்காரர் நாய் வேண்டாம் என்று சொல்லலாம். அவர் திருமலைக்காரர், வாய்ச்சொல் போதும் என்று இருந்துவிடாதேயும். ஊர்க்காரர் வாய்ச்சொல்தான் முதலில் மாறும். இனம், நிறை, எத்தனை நாய் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும். வாடகைக் காப்புறுதியில் சில கம்பனிகள் இந்த இனம் கடித்தால் பொறுப்பேற்காது. மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையும். மீட்பு நிலையங்கள் 'பிட்புல்' என்று எழுதுவது பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான். ஆனாலும் காகிதத்தில் ஏறிய சொல்லைத்தான் காப்புறுதிக்காரன் பிடிப்பான்.

நிலையத்தில் கேட்கவேண்டியது: யாருடைய வீட்டில் தற்காலிகமாக இருந்தது, முன்பு யாரும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்களா, ஏன், கடித்த பதிவு உண்டா, பூனையோடும் மற்ற நாயோடும் எப்படி. இந்த வகையில் மற்ற நாயைப் பொறுக்காத குணம் 1 முதல் 3 வயதுக்குள் வெளிப்படலாம். குட்டியில் நல்லாய் விளையாடியது என்பதை நம்பி இருக்கேலாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்த நாயென்றால் இதயப்புழுச் சோதனையை 6 மாதம் கழித்து மறுபடி செய்ய வேண்டும், புதுத் தொற்று முதற் சோதனையில் பிடிபடாது. செல்லப்பிராணிக் காப்புறுதியை முதல் வாரமே எடும். தோல் அரிப்பும் முழங்கால் நார் அறுவதும் இவற்றுக்கு அடிக்கடி வரும். மிருக வைத்தியர் ஒருமுறை எழுதிவிட்டால் 'முன்பே இருந்த நோய்' என்று கைவிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின் அதிகம் தப்பி ஓடுவது முதற் சில வாரங்களில், வாசற் கதவால். மார்புப் பட்டியொன்று, இழுத்தால் இறுகும் கழுத்துப்பட்டியொன்று, இரண்டிலும் தனித்தனி வார். நீளம் 1.8 மீற்றர். சுருங்கி நீளும் வார் வேண்டவே வேண்டாம், கை அறும். திருகோணமலைக் கோட்டைக்குள் மான் நடுவே நடந்து வளர்ந்த உமக்கு மான் புதினமில்லை. நாய்க்கு அப்படியில்லை. கல்கரி ஒழுங்கைகளில் பெரிய முயல்கள் திரியும். பனியில் 25 கிலோ நாய் ஒன்று முயலுக்குப் பாய்ந்தால் நீர் முழங்காலில்தான் போவீர். நோஸ் ஹில் பூங்காவில் நாயை அவிழ்த்துவிட இடம் உண்டு, முதல் மூன்று மாதம் அந்தப் பக்கம் போகாதேயும்.

சாப்பாட்டில்தான் நம் வீடுகள் பிழைவிடும். 25 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு நாளைக்குச் சுமார் 1,250 கிலோகலோரி, இரண்டு நேரமாக. பையில் ஒரு கோப்பைக்கு எத்தனை கலோரி என்று எழுதியிருக்கும், 1,250ஐ அதால் வகுத்துப் பாரும். புது உணவைக் கால், அரை, முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றும். பருப்பிலும் சொதியிலும் உள்ள வெங்காயம், உள்ளி இரண்டும் அதன் செங்குருதிக் கலங்களை உடைக்கும், அவித்தாலும் நஞ்சு போகாது. சமைத்த கோழி எலும்பு சிம்பாய் உடைந்து குடலைக் குத்தும்.

டச்பே கரையில் வலை இழுக்கும் நேரம் பார்த்து வந்து, கழிவு மீனைத் தின்று, எவர் வீட்டு விறாந்தையிலும் படுத்த நாய்கள் நம்மூர் நாய்கள். ஒழுங்கை முழுக்க அவற்றுக்குச் சொந்தம், யாருக்கும் வேலையில்லை. இங்கே விடிய ஆறு மணிக்கு, மைனஸ் 20இல், அந்த வேலை முழுக்க உமக்கு. பிட்புல் கட்டை மயிர்க்காரன், மைனஸ் 10க்குக் கீழே கோட் போடவேணும், மைனஸ் 20இல் ஐந்து நிமிடத்தோடு உள்ளே. வீதி உப்பு பாதத்தை வெடிக்கவைக்கும், நக்கினால் வயிற்றைக் கலக்கும். கதவடியிலேயே இளஞ்சூட்டு நீர் வாளியும் துவாயும் வையும்.