கருவாட்டுக் கொட்டகையில் சாதி வசவு: புகார் எங்கே?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு கருவாட்டுக் கொட்டகையில் ஏழு பெண்கள் வேலை செய்கிறோம். முதலாளி சாதிப் பேர் சொல்லித் திட்டுகிறார், கையைப் பிடித்து இழுக்கிறார். ஸ்டேஷனில் ரசீது மட்டும் தந்தார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த ரசீது சி.எஸ்.ஆர், புகாரைப் பெற்றதற்கான சான்று மட்டுமே; அது எஃப்.ஐ.ஆர் (முதல் தகவல் அறிக்கை) ஆகாது. நீங்கள் பட்டியல் சாதியினர், முதலாளி பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லை என்றால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை (அந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவு). ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி.

வழக்கு பெரும்பாலும் சறுக்குவது புகாரின் வாசகத்தில்தான். 'தகாத வார்த்தை' என்று நாகரிகமாக எழுதிவிடுவார்கள். கூச்சப்படாமல் அவர் சொன்ன சொல்லையே எழுதச் சொல்லுங்கள். தேதி, நேரம், கேட்டவர்கள் பெயரும் வேண்டும். பிறர் காதுபடத் திட்டியதாக இல்லாவிட்டால் வசவுப் பிரிவு நிற்காது. கையைப் பிடித்ததைத் தனியாக எழுதுங்கள், அதற்கு வேறு பிரிவு.

பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதால், பாலியல் தொல்லைக்கு மாவட்ட உள்ளூர் புகார்க் குழுவிடமும் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள், புகாரின் ஆறு பிரதிகளோடு கொடுக்க வேண்டும். விவரம் ராமநாதபுரம் சமூகநல அலுவலகத்தில் கிடைக்கும். உதவி எண்கள்: 14566 (வன்கொடுமை), 181 (பெண்கள்).