நல்ல மின்னஞ்சல் ஏன் ஸ்பேம் பெட்டிக்குள் போகிறது?

ஸ்பேம் வடிகட்டி என்பது, வரும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு சந்தேக மதிப்பெண் போட்டு, வரம்பைத் தாண்டியதைத் தனிப் பெட்டியில் ஒதுக்கும் மென்பொருள். சிக்கல் அந்த வரம்பில்தான். மாவு சலிப்பதைப் போல: சல்லடைக் கண் பெரிதானால் கப்பியும் சேர்ந்து இறங்கும், மிகச் சிறிதானால் நல்ல மாவும் மேலேயே தங்கிவிடும்.

இரண்டு தவறும் சமமல்ல. ஒரு லாட்டரி மோசடி அஞ்சல் உள்ளே வந்துவிட்டால் பார்த்து அழித்துவிடலாம். நேர்காணல் அழைப்பு ஒதுங்கிப்போனால், அப்படி ஒன்று வந்ததே நமக்குத் தெரியாது. அதனால்தான் சந்தேகமானவற்றில் பலவற்றை உடனே அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஜிமெயிலில் 30 நாள்தான் அவகாசம், பிறகு தானாக அழிந்துவிடும். வாரம் ஒருமுறையாவது அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அப்புறம், மின்னஞ்சலில் யார் பெயரை வேண்டுமானாலும் அனுப்புநராகப் போட முடியும். அதைத் தடுக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற அடையாளச் சோதனைகள் இருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோர் இரண்டையும் வைத்திருக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதித்தது. எனவே நீங்களே கேட்டு வாங்கிய செய்திமடல் அலுத்துவிட்டால், தயவுசெய்து ஸ்பேம் பொத்தானை அழுத்தாமல் சந்தாவை விலக்குங்கள். உங்கள் புகார் மற்ற வாசகர்களுக்குப் போகும் அஞ்சலையும் பாதிக்கலாம்.

அடையாளச் சோதனையில் தேறிய அஞ்சல் நம்பகமானது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வந்தது என்பதை மட்டுமே அது உறுதிசெய்கிறது, சொந்த டொமைன் வாங்கிய மோசடிக்காரரும் அதில் தேறிவிடுவார்.