சைனஸ் தொற்று மாத்திரைக்கு அடங்கி மறுபடி வருவது ஏன்?

கேள்வி: எனக்குப் பல வருடங்களாக சைனஸ் தொல்லை. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை முகம் கனத்து, பச்சையாகச் சளி வருகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்கும், ஒரு மாதத்தில் மறுபடி ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதுக் கிருமியா, இல்லை பழையதேதானா?

பதில்: இரண்டும் நடக்கும். மாத்திரையை நிறுத்திய கொஞ்ச நாளில் திரும்புகிறது என்றால், பழைய கிருமி உள்ளேயே தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு வரும்.

திடீரென வரும் சைனஸ் தொற்று பாக்டீரியாவால் வந்ததென்றால், பெரும்பாலும் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் இருக்கும். 12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் நாள்பட்ட சைனஸில் ஆட்கள் மாறிவிடுவார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அடிக்கடி தென்படும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும் பலமுறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களிடமும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வரலாம். வழக்கமாக எழுதித்தரும் அமாக்சிசிலின் வகை மாத்திரைகள் இதை ஒன்றும் செய்யாது. ஒரு பக்கம் மட்டும் அடைத்து, நாற்றமும் அடித்தால் மேல் கடைவாய்ப்பல்லைப் பாருங்கள். அதன் வேர் கன்னத்து சைனஸின், அதாவது கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையின், தரையை ஒட்டியே இருப்பதால், பல்லில் பிடித்த சீழ் மேலே ஏறிவிடும்.

இந்தக் கிருமிகள் பயோஃபிலிம் என்ற வழவழப்பான படலத்தைத் தாமே சுரந்து, அதற்குள் கூட்டமாக சைனஸ் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மாத்திரை வெளியே திரிபவற்றைக் கொல்லும், உங்களுக்கும் குணமான மாதிரி இருக்கும். படலத்துக்குள் இருப்பவை தப்பிவிடும். அப்புறம் ஒரு ஜலதோஷமோ அலர்ஜியோ வந்து சைனஸின் வாய் வீங்கி அடைத்ததும், அவை மறுபடி பெருகும்.

சளி பச்சையாக இருப்பதை வைத்து மட்டும் பாக்டீரியா என்று முடிவு கட்டாதீர்கள். அந்த நிறம் நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியால் வருவது. வைரஸ் சளியும் பச்சையாகும்.

அதனால் அடுத்த தடவை, மாத்திரையைத் தொடங்கும் முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டு, சைனஸ் திறக்கும் இடத்தில் கசியும் சீழை மெல்லிய பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்து, கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து இனம் காணும் பரிசோதனைக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நாசித் துவாரத்தின் ஓரத்தில் எடுத்த மாதிரி பயன்படாது. நலமாக இருப்பவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அங்கே ஸ்டஃபைலோகாக்கஸ் குடியிருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மடியும் என்பது தெரியாமல் போன தடவை சாப்பிட்ட மாத்திரையையே திரும்ப வாங்கிப் போடுவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள்தான் இதில் மிஞ்சும்.

நடுவில் உள்ள நல்ல நாட்களிலும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதையும், மருத்துவர் தந்த ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் விடாதீர்கள். வீக்கம் குறைந்து வழி திறந்திருந்தால் கிருமிக்குத் தேங்க இடம் குறையும். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கழுவும் பாட்டிலிலும் அதே படலம் படியும் என்பதால், ஒவ்வொரு தடவையும் கழுவி நன்றாகக் காயவிடுங்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.